கழுவாத ஃபிலிம்

21.11.2010, ஞாயிறு, கம்பம்

காலையிலிருந்து தூறல். மர பீரோவைச் செல்லரித்துவிட்டது. பத்திரங்களை இரும்புப் பெட்டிக்கு மாற்றும் வேலை என் தலையில். வாரத்துக்கு ஒரு லீவு, அதுவும் இப்படி.

மேல்தட்டு மூலையில் ஒரு தகர டப்பா. உள்ளே கருப்பு பாலிதீன் பை, வாய் முறுக்கிக் கட்டியது. அதற்குள் இன்னொரு பை. அத்தாவின் கடையில் முதல்தர ஏலக்காயை இப்படித்தான் கட்டுவார்கள், பச்சை வெளுக்காமல் இருக்க. காய் என்றே நினைத்துப் பிரித்தேன். ஒரு ஃபிலிம் ரோல். எடுத்து முடித்தது. முனை முழுதும் உள்ளே சுருண்டிருந்தது.

அத்தா கடையிலிருந்து சாப்பிட வந்தார். என் கையைப் பார்த்தார். திட்டவில்லை. வாங்கிப் பையில் போட்டார். அதே முறுக்கு, அதே கட்டு. யாருடைய படம் என்று கேட்டேன். கை கழுவி, உட்கார்ந்து, முதல் கவளம் உள்ளே போன பிறகு சொன்னார்.

"உங்கம்மா."

பிறகு சோற்றில் இன்னும் கொஞ்சம் ஆணம் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். தட்டுக்கு வெளியேயும் கொஞ்சம்.

இந்த வீட்டில் ஒரு படம் கிடையாது. அம்மா மஞ்சள் காமாலையில் போனபோது எனக்கு நாலு வயது. வளையல் போட்ட ஒரு கை நினைவிருக்கிறது. முகம் இல்லை. முயன்றால் அக்காவின் முகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதை அக்காவிடம்கூடச் சொன்னதில்லை.

நான் எக்ஸ்ரே டெக்னீஷியன். தினமும் ஊரார் எலும்பையெல்லாம் படம் பிடிக்கிறவன். பெற்றவள் முகம் தெரியாது. அது பத்தடி தூரத்தில், பீரோவில், பத்திரங்களுக்கு மேலே இருந்திருக்கிறது.

22.11, திங்கள்

தேனி பஸ்ஸில் ஏற்றிவிட வந்த அத்தா அந்த டப்பாவை என் சாப்பாட்டுப் பையில் வைத்தார். கழுவ முடியுமா பார் என்றார். இப்போதெல்லாம் மெஷினில்தானே கழுவுகிறார்கள், ஆள் பார்க்க மாட்டார்கள் அல்லவா என்று கேட்டார். மெஷின்தான் என்றேன். பஸ் நகர்ந்துவிட்டது. கேட்ட வேகத்தில் சொன்னேன், யோசிக்கவில்லை.

எக்ஸ்ரே சென்டரில் கூட்டம். குமுளி ரோட்டில் ஐயப்பன் வேன் ஒன்று சாய்ந்து, கை, தோள் உடைந்த நாலு சாமிகள். மாலை கழற்ற மாட்டேன் என்று ஒருவர். மணி எல்லாம் படத்தில் விழுந்தது.

மாலை தேனி ஸ்டுடியோ. ரோலில் கலர் ஸ்லைடு என்று போட்டிருந்ததைப் படித்துக் காட்டியதும் ஸ்டுடியோக்காரர், "தியேட்டர்ல விளம்பரம் போடுவாகளே, அதா? எந்தக் கடைக்குத் தம்பி?" விளக்கினேன். ரோலைத் திருப்பிப் பார்த்தார். நெகட்டிவ் கழுவுவதையே நிறுத்தப்போகிறாராம். எல்லாரும் மெமரி கார்டோடு வருகிறார்கள்.

ரோலின் மேல் சிறிய எழுத்தில்: ப்ராசஸ் கே-14. என்ன என்று அவருக்கும் தெரியவில்லை. எனக்கும்.

27.11, சனி

லீவு சொல்லிவிட்டு மதுரை. பெரிய லேப், ஏசி, கண்ணாடிக் கதவு. கவுன்டரில் இருந்தவன் ரோலை வாங்கினான், கவரில் போட்டான், நம்பர் எழுதினான். திங்கட்கிழமை வாங்க சார்.

எந்தக் கெமிக்கலில் போடுவீர்கள் என்று கேட்டேன்.

"எல்லாம் ஒரே கெமிக்கல்தான் சார்."

ரோலில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினேன். அது கம்பெனிக்காரன் சும்மா அடிக்கிறது சார் என்றான். கவரைப் பிடுங்கினேன். கிழிந்தது. பின்னால் நின்றவர்கள் என்னைப் பைத்தியம் மாதிரிப் பார்த்தார்கள். வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. கேட்காமல் வந்திருந்தால்? திங்கட்கிழமை ஒரு வெற்று ஃபிலிமைக் கொடுத்து, படம் விழலை சார் என்று சொல்லியிருப்பான். நானும் நம்பியிருப்பேன்.

பஸ்ஸில் ஆண்டிபட்டி கணவாய் வரை ரோலைச் சட்டைக்குள் பிடித்துக்கொண்டு வந்தேன்.

30.11, செவ்வாய்

போன் செய்தது:
சென்னை லேப் 1: மூடிவிட்டார்கள்.
சென்னை லேப் 2: வேறு வகை ஸ்லைடு மட்டும், அதுவும் வாரம் ஒரு நாள். கே-14 என்றதும் எதிர்ப்பக்கம் சிரிப்பு. "அந்த மெஷின் இந்தியாவுலயே இல்ல சார்."
பெங்களூர்: எடுக்கவில்லை.
பம்பாய்: ஒருவர் ஹிந்தியில் எடுத்தார். இப்போது அங்கே செல்போன் கடை. ரீசார்ஜ் வேண்டுமா என்றார்.

எக்ஸ்ரே கழுவும் டெவலப்பர் தீர்ந்துகொண்டிருக்கிறது, சென்டர் டாக்டரிடம் சொல்ல வேண்டும். செருப்பு அறுந்தது.

1.12, புதன்

பிரவுசிங் சென்டர். மழைக்கு ஒதுங்கி உள்ளே ஒரே கூட்டம், பக்கத்து சிஸ்டத்தில் எவனோ ரிசல்ட் பார்க்கிறான். கிடைத்ததை எழுதி வைக்கிறேன்.

இந்த ஃபிலிமில் கலர் கிடையாது. கருப்பு வெள்ளை அடுக்கு மூன்று, அவ்வளவுதான். கழுவும்போது லேப்தான் கலரை ஏற்ற வேண்டும். அதற்குத் தனி மெஷின், தனி மருந்து. ஃபிலிம் செய்வதைக் கம்பெனி நிறுத்திவிட்டது. மருந்து செய்வதையும். உலகம் முழுவதிலும் இன்று அந்த மெஷின் ஓடுவது ஒரே ஒரு இடத்தில், அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரில். அதையும் இந்த வருடக் கடைசியோடு நிறுத்துகிறார்கள். அதற்குள் கைக்கு வந்து சேராத ரோலைத் தொட மாட்டார்கள்.

மூன்று தடவை படித்தேன். வேறு பக்கம் போய் அங்கேயும் படித்தேன். அதேதான். இத்தனை வருடம் பீரோவில் சும்மா கிடந்தது. எந்த வருடமும் கழுவியிருக்கலாம். எனக்குக் கிடைத்தது கடைசி மாதம்.

எழுந்து வரும்போது மிச்சக் காசு வாங்க மறந்து, அந்தப் பையன் ரோடுவரை ஓடிவந்து கொடுத்தான்.

4.12, சனி, உத்தமபாளையம்

அக்கா வீடு. அம்மாவின் தம்பி, அமெரிக்காவில் இருக்கும் மாமுவோடு அக்கா போனில் ஸ்பீக்கர் போட்டுப் பேசினோம். அந்தக் காலத்தில் ஊருக்கு வந்தபோது இந்த ரோலில் படம் எடுத்தது மாமுதான் என்று நான் நினைத்திருந்தேன். அக்காவும் அப்படித்தான்.

தான் எடுக்கவில்லை என்றார் மாமு. கேமராவையும் ரோலையும் கொடுத்துவிட்டு லீவு முடிந்து போய்விட்டாராம்.

"புடிச்சது உங்கத்தா மாப்ள."

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

பாஸ்போர்ட் போட்டோ எடுக்கவே மூன்று நாள் யோசித்த மனிதர். என் பள்ளிக்கூட குரூப் போட்டோவைக்கூட வீட்டில் மாட்டவிடாதவர். மாமு சிரித்துக்கொண்டே சொன்னார். ஸ்லைடுக்குப் பிரிண்ட் போடத் தேவையில்லை, கழுவினால் வெளிச்சத்தில் பிடித்து அப்படியே பார்க்கலாம் என்று இவர் சொல்லப்போக, அத்தாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. பிரிண்ட் இல்லை என்றால் ஸ்டுடியோக்காரன் கைக்கே போகாது என்று கணக்குப் போட்டிருக்கிறார். கழுவவும் ஓர் ஆள் வேண்டும் என்பது ரோல் முடிந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. அப்படியே கட்டி வைத்துவிட்டார்.

மாமு முகவரி சொன்னார். கூரியரில் அவருக்கு அனுப்பினால், லேபுக்கு அவரே காரில் கொண்டுபோய்க் கொடுப்பாராம். பதினைந்தாம் தேதிக்குள் இங்கிருந்து கிளம்ப வேண்டும். கிளம்பிவிடும் என்றேன். எவ்வளவு தெளிவாகச் சொன்னேன்.

அக்கா வாசல்வரை வந்தாள். "தம்பி, அத்தாகிட்ட கோவமாப் பேசிராத. என்ன சொன்னாலும் கேட்டுக்க. அவுக மாறமாட்டாக." எதற்குச் சொல்கிறாள் என்று புரியவில்லை.

5.12, ஞாயிறு

இன்று புரிந்தது.

கூரியர் ஃபார்ம் நிரப்பிக்கொண்டிருந்தேன். அங்கே கழுவின பிறகு என்ன செய்வார்கள் என்று அத்தா கேட்டார். உள்ளதைச் சொன்னேன். படம் படமாக வெட்டுவார்கள், அட்டைச் சட்டத்தில் போடுவார்கள், வெளிச்சத்தில் பிடித்துச் சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். யார் பார்ப்பார்கள் என்றார். லேப் ஆள் என்றேன்.

என் கையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார்.

"தலையில துணியில்லாம இருக்கா. முடிய விரிச்சுப் போட்டு. நாந்தான் கேட்டேன். யாரும் பாக்கமாட்டாகன்னு சொல்லித்தான் எடுத்தேன். அவ நம்புனா."

நான் கத்தினேன். அவுக இறந்து பதினேழு வருடம், அந்த வெள்ளைக்காரனுக்கு அம்மா பேர்கூடத் தெரியாது, உலகத்தில் ஒரே மெஷின், அதுவும் இந்த மாதம் நின்றுவிடும், பிறகு நீங்களே தலைகீழாக நின்றாலும் முடியாது. எல்லாம் சொன்னேன். அத்தா குரலை உயர்த்தவில்லை.

"செத்துட்டா, சொன்ன சொல்லும் செத்துருமாலே?"

அப்படியென்றால் எதற்கு எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"ஆசையா இருந்துச்சு."

இருபத்தோரு வருடமாக இந்த மனிதரோடு இருக்கிறேன். ஏலக்காய் ரேட், மழை, போடி ஏலத்தில் யார் எவ்வளவுக்கு எடுத்தார்கள், வக்து ஆகிவிட்டது தொழப் போ. இதுதான் இவர் பேசி நான் கேட்டது. அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததும் எனக்குச் சண்டை போட வரவில்லை. ஃபார்மை அங்கேயே விட்டுவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். துணி நனைந்துகொண்டிருந்தது. எடுத்துப் போட்டேன்.

8.12, புதன்

பேச்சு இல்லை. காலையில் டீ வைத்துவிட்டுப் போகிறார், குடித்துவிட்டுப் போகிறேன். டப்பா என்னிடம். யாருக்கும் தெரியாமல் கூரியரில் போட்டுவிடலாம். போட்டுவிட்டுச் சொல்லலாம். கூரியர் கடை வாசல்வரை இரண்டு தடவை போனேன். உள்ளே போகவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை, பயம் இல்லை.

அக்காவுக்கு போன். அனுப்பச் சொல்வாள் என்று நினைத்தேன். எனக்கு முகம் தெரியாது என்பதை முதல் தடவையாகச் சொன்னேன். "எனக்கும் மங்கிருச்சுடா" என்றாள். வைத்துவிட்டாள்.

பத்து வயதில் பார்த்தவளுக்கே மங்கிவிட்டதாம். இவ்வளவு நாளும் அவளிடம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

10.12, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து அத்தா தேனிக்கே வந்துவிட்டார். சென்டருக்கு முதல் தடவை. பேஷன்ட்டுகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், டோக்கன் வேறு வாங்கி வைத்திருக்கிறார். பதறிப்போய் உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். என் பின்னாலேயே டார்க் ரூம்வரை வந்தார். தொட்டிகளைப் பார்த்தார். டெவலப்பர், தண்ணீர், ஃபிக்ஸர்.

"எக்ஸ்ரேய நீதான கழுவுற? அதையும் இங்கன நீயே கழுவு."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் முடியும். அடுக்கு மூன்றும் கருப்பு வெள்ளைதானே, இந்த டெவலப்பரில் நெகட்டிவாக வரும். ஃபிலிமின் முதுகில் இருக்கும் கருப்புப் பூச்சை மட்டும் தனியாகத் துடைத்து எடுக்க வேண்டும். அத்தா கேட்ட அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததுதான் எரிச்சல்.

கலர் போய்விடும் என்றேன். ஒருமுறை இதில் முக்கினால் அமெரிக்கா இல்லை, வானத்திலிருந்து இறங்கி வந்தாலும் திரும்ப ஏற்ற முடியாது. முகம் மட்டும் வரலாம். அதுவும் இவ்வளவு வருடக் கம்பத்து வெயிலில் வராமலும் போகலாம். மெதுவாகச் சொன்னேன், இரண்டு தடவை.

சிவப்பு விளக்கில் அவர் முகம் தெரியவில்லை.

"நீ மகன். நீ பாக்கலாம்" என்றார்.

டாக்டரிடம் ஞாயிறு சாவி கேட்டேன். எதற்கு என்றார். சொந்த வேலை என்றேன்.

12.12, ஞாயிறு, தேனி

மதியம் சென்டர் காலி. அக்கா கொடுத்த ஆப்பச் சோடா, பூச்சைத் துடைக்க. ஸ்பாஞ்ச். டெவலப்பரில் பாதித் தண்ணீர். டிரே. பூட்டு. கதவிடுக்கில் துணி. சிவப்பு விளக்குகூட இந்த ஃபிலிமுக்கு ஆகாது, அதையும் அணைத்தேன். முதலில் முனையில் ஒரு சாண் வெட்டித் தனியே சோதித்தேன். பூச்சு கழன்று வந்தது. ஃபிலிம் தாங்கியது.

முழு ரோல் ஓர் ஆள் உயரம். தனியாக முக்கி எடுக்க முடியாது. ஒரு முனையை அத்தா கையில் கொடுத்தேன். நான் தூக்கினால் நீங்கள் இறக்குங்கள், நீங்கள் தூக்கினால் நான். நடுப்பகுதி மருந்தில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒன்றும் தெரியவில்லை. கையை மூக்கருகே வைத்தாலும் தெரியாத இருட்டு. அத்தா உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். ஃபிலிம் எங்கள் இருவர் கைக்கும் நடுவே ஏறி இறங்கியது. எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தம் நின்றது. கரண்ட் போயிருக்கிறது. எங்களுக்கு வித்தியாசம் இல்லை.

"போதுமா?"

இன்னும் கொஞ்சம் என்றேன்.

"வழுக்குதுலே." சொல்லிவிட்டு ஒரு நிமிடம் கழித்து, "விடமாட்டேன்" என்றார்.

ஃபிக்ஸர். தண்ணீர். சோடா. துடைத்தேன். கை இரண்டும் கரி. கதவைத் திறந்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஓரமெல்லாம் புகை மூடிப்போயிருந்தது. நடுவில் கட்டம் கட்டமாக ஏதோ இருந்தது.

இருந்தது.

அத்தா பார்க்கவில்லை. காயட்டும் என்று வெளியே போய் நின்றுகொண்டார். எக்ஸ்ரே கிளிப்பில் மாட்டிப் பூட்டிவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவர், அவர் தோளில் என் தலை. தூங்கியிருக்கிறேன்.

13.12, திங்கள்

பேஷன்ட்டுகள் வருவதற்கு முன்னால் போய்விட்டேன். பாதிக்கு மேல் தேறியிருக்கிறது. எக்ஸ்ரே பார்க்கும் லைட் பெட்டியில் வைத்தேன்.

நெகட்டிவ். முகம் கருப்பு, முடி வெள்ளை, கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளி. யாரோ கிழவி. லைட்டை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். நெகட்டிவ் அப்படித்தான் இருக்கும் என்று தெரிந்தவன்தான், தினமும் பார்க்கிறவன்தான்.

செல்போன் கேமராவில் நெகட்டிவ் எஃபெக்ட் என்று ஒன்று இருக்கிறது. எதற்கு வைத்தான் என்று கேலி செய்திருக்கிறேன். அதை ஆன் செய்து லைட் பெட்டிமேல் பிடித்தேன்.

வந்துவிட்டார்.

அக்கா இல்லை. அக்கா மாதிரிகூட இல்லை. நான் பார்த்தே இராத ஒரு பெண். என்னைவிட ஐந்தாறு வயதுதான் அதிகம் இருக்கும். நெற்றி அகலம். சிரிப்பில் ஒரு முன்பல் மற்றதன்மேல் ஏறியிருக்கிறது. நாக்கால் என் பல்லைத் தொட்டுப் பார்த்தேன். அதே பல், அதே பக்கம். தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெளியே யாரோ கதவைத் தட்டி, சார் எக்ஸ்ரே எப்ப எடுப்பீக.

மாலையில் அத்தா வந்தார். போனை லைட் பெட்டிமேல் பிடிக்க அவர் கையில் கொடுத்து, கீழே ஃபிலிமை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினேன். கிணற்று மேட்டில். திராட்சைப் பந்தலுக்குக் கீழே. வாயைப் பொத்திக்கொண்டு. கையை நீட்டி வேண்டாம் என்று. பந்தல் படத்தில் அம்மா கட்டியிருக்கும் சேலை என்ன கலர் என்று கேட்டேன். கண்ணைத் திரையருகே கொண்டுபோனார். ரொம்ப நேரம்.

"தெரியலலே."

மறந்துவிட்டதாம். கருப்புப் பைக்குள் பை போட்டுக் கட்டிக் காத்த மனிதர். என்னால் நம்ப முடியவில்லை. அவராலும்தான் என்று நினைக்கிறேன், திரையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

அடுத்த கட்டம். நகர்த்தினேன். அம்மா இல்லை. வெளியே போகும்போது பெண்கள் சேலைமேல் போர்த்துவார்களே, வெள்ளைத் துப்பட்டி, அதைப் போர்த்திக்கொண்டு ஓர் ஆள். தாடி. மீசையில்லாத உதட்டைக் குவித்து, முகவாயில் ஒரு விரலை வைத்து, இடுப்பை ஒடித்து நிற்கிறது. எங்கத்தா.

நான் போனைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன்.

"உங்கம்மா எடுத்தது" என்றார். "இப்படி நின்னாத்தான் இனி நான் நிப்பேன்னுட்டா."

பிறகு சிரித்தார். சத்தமாக. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமில்லை. டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

14.12, செவ்வாய்

வெயில். பஸ் ஸ்டாண்ட் முழுக்க ஐயப்பன் வேன்கள். பஸ்ஸில் ஏறிவிட்டேன், மொபெட்டில் பின்னாலேயே வந்து ஜன்னலைத் தட்டினார் அத்தா. துப்பட்டிப் படத்தை மட்டும் ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாகப் போட்டு வரச் சொன்னார். ஹாலில் மாட்டவாம். காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகம் வந்தது. அத்தா, ஆள் பாப்பாகளே என்றேன்.

"பாக்கட்டும். அது நாந்தான."

சென்டரில் கத்தரியால் அந்த ஒரு கட்டத்தை மட்டும் வெட்டி எடுத்தேன். மற்றவை டப்பாவில், பூட்டில். ஸ்டுடியோக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், உள்ளே இருந்த ஆளையும் கூப்பிட்டுக் காட்டினார். எந்த சைஸ் தம்பி என்றார்.

இருப்பதிலேயே பெரியது என்றேன்.